பெட்டிக் கிரைண்டர்: பழையதைத் தேடி வாங்கி ஓட வைக்கும் முறை

காயலான் கடைக்காரர் பழைய கிரைண்டருக்கு விலை சொல்லும்போது கல்லைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார். அவருக்கு வேண்டியது இரும்பும் மோட்டாரில் இருக்கும் செம்பும்தான். சேகரிப்பவர் கணக்கு இதற்கு நேர் எதிர். மோட்டார் எரிந்திருந்தால் காயில் கட்டலாம். பேரிங், பெல்ட், கெப்பாசிட்டர் எல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் கடைகளில் கிடைக்கும். பெட்டி செல்லரித்திருந்தால் தச்சர் இருக்கிறார். ஆனால் அந்த டிரம்முக்கென்றே கடைந்து, அந்தக் குழவியோடு பல வருடம் உரசி, ஒன்றுக்கொன்று பொருந்திப் போன கல் ஜோடி மறுபடி கிடைக்காது. எனவே கல்லைப் பார்த்து வாங்குங்கள், மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம்.

கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்தக் கட்டுரை பேசுவது தரையில் நிற்கும் வீட்டு மாடலைப் பற்றி: மரம் அல்லது சன்மைக்கா ஒட்டிய பெட்டி, அதற்குள் மோட்டாரும் பெல்ட்டும், மேலே எவர்சில்வர் டிரம், அதன் அடியில் சுற்றும் கல், அதன்மேல் ஒற்றைக் குழவி, குழவியைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கை. ஓட்டல் கிரைண்டர் இதைவிடப் பல மடங்கு கனம், சிலதில் மோட்டார் மூன்று ஃபேஸாக இருக்கும். வீட்டில் வைத்துப் பழகாதவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம். டேபிள் டாப் மாடல்களின் குழவி, பொருத்தும் முறை எல்லாமே வேறு.

எங்கே தேடுவது

பழைய வீடு இடிக்கிற இடம்தான் முதல் இடம். ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டும்போது பின்கட்டில் கிடந்த கிரைண்டர் வெளியே வரும். இடிக்கும் வேலையை எடுத்திருக்கும் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அடுத்தது காயலான் கடைகள். இங்கே நேரம் முக்கியம். இரும்பை எளிதாகப் பிரிப்பதற்காகக் கல்லைச் சம்மட்டியால் உடைத்து எடுத்துவிடுவார்கள். கடைக்கு வந்த அன்றே பார்க்க வேண்டும், இல்லையென்றால் "கிரைண்டர் வந்தா உடைக்காம எடுத்து வைங்க" என்று கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். வாரச்சந்தைகளில் முழு கிரைண்டர் அபூர்வம்தான், ஆனால் தனிக் குழவி, பழைய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), கை, மூடி போன்றவை கண்ணில் படும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் விசாரிக்கும்போது "கிரைண்டர்" என்றால் புது டேபிள் டாப்பைத்தான் காட்டுவார்கள். கன்னடம் பேசும் வீடுகளில் "ருப்புவ கல்லு", தெலுங்கு பேசும் வீடுகளில் "ருப்புரோலு" என்று கேட்டால் பின்கட்டில் கிடக்கும் பழைய கல் சாமான் எல்லாம் அவர்கள் நினைவுக்கு வரும். அதில் கிரைண்டரும் இருக்கலாம்.

கல்லைப் பார்க்கும் முறை

தண்ணீர் பாட்டில், துணி, ஒரு ரூபாய் நாணயம், டார்ச் இந்த நான்கும் கையில் இருந்தால் போதும்.

முதலில் குழவியை வெளியே எடுத்துத் துணிமேல் வைத்து நாணயத்தால் பல இடங்களில் தட்டுங்கள். முழுக் கல் "டிங்" என்று தெளிவாகச் சத்தம் கொடுக்கும். ஓரிடத்தில் மட்டும் "டப்" என்று அடங்கினால் உள்ளே விரிசல் இருக்கிறது. டிரம்மில் பதித்த அடிக்கல்லில் இந்தச் சத்தம் அவ்வளவு தெளிவாக வராது, அதனால் அதற்குத் தண்ணீர்ச் சோதனை: கல் முழுக்க நனைத்து, துணியால் துடைத்துவிட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். கல் உலரும்போது விரிசலுக்குள் போன தண்ணீர் கடைசியில்தான் காயும். எனவே தலைமுடி போல ஒரு கருத்த கோடு தனியாகத் தெரியும். கோடு ஓரத்தில் சிறியதாக இருந்தால் பரவாயில்லை. நடுத்துளையிலிருந்து ஓரம் வரை ஓடினால் அந்தக் கிரைண்டரைக் காட்சிக்கு மட்டும் வாங்குங்கள், மாவாட்ட வேண்டாம்.

அடுத்து கல்லின் ரகம். மாவாட்டும் கல் நுண்ணிய மணிகளோடு, அழுத்தமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மினுமினுக்கும் அபிரகப் பட்டைகள் தெரிந்தால் அது நல்லதல்ல. அபிரகம் இருக்கும் இடம் செதில் செதிலாகப் பெயர்ந்து மாவில் கலக்கும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதியில் தரைக்கும் சமையல் மேடைக்கும் வெட்டி அனுப்பும் வரிவரியான அலங்கார கிரானைட்டில் குழவி மட்டும் புதிதாகச் செய்து போட்டிருக்கும் கிரைண்டர்களும் விற்பனைக்கு வரும். பார்க்க அழகு, ஆட்ட உதவாது.

தேய்மானத்தையும் பாருங்கள். குழவியின் அடி உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ ஒரு பக்கம் மட்டும் சரிந்திருந்தாலோ ஷாஃப்ட் (டிரம்மைச் சுற்றும் அச்சுத் தண்டு) ஆடியபடியே பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்சம் சரிவைக் கொத்திச் சரிசெய்யலாம். அரை அங்குலத்துக்கு மேல் போனால் கல் தச்சரிடம் குழவியையே மறுபடி உருட்டி எடுக்க வேண்டிவரும்.

கல்லுக்கு அடுத்து பார்க்க வேண்டியவை

டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சிறிது ஆட்டம் என்றால் பேரிங் போயிருக்கிறது, சின்ன செலவு. பேரிங் உட்காரும் வீடு, அதாவது ஹவுசிங், உடைந்திருந்தால் செலவு பெரியது. கையால் ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்பு அருகே பென்சிலை அசையாமல் பிடியுங்கள். விளிம்புக்கும் பென்சிலுக்கும் இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் மாறினால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம்.

மோட்டாரின் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். கால் குதிரைத்திறன், அரைக் குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர், சுற்று வேகம் எல்லாம் அதில் இருக்கும். சேகரிப்பவருக்கு அந்தச் சின்னத் தகடு பெரிய விஷயம். அதை ஒருபோதும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பெயிண்ட்டும் பூசாதீர்கள். ஈரத்துணியால் துடைப்பது மட்டும் போதும். மோட்டாரை விற்பவரின் வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த மோட்டாருக்குள் எலி ஒயரைக் கடித்திருக்கும், ஈரம் ஏறியிருக்கும். நேராக மின்சாரம் கொடுத்தால், பிழைக்க வேண்டிய காயிலும் எரிந்துபோகும். "ஓடுதுங்க, போட்டுக் காட்டறேன்" என்று அவர்கள் ஆசையாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்டியைத் தலைகீழாகச் சாய்த்துக் கால்களைப் பாருங்கள். தண்ணீர் தேங்குவது அங்கேதான், செல் ஏறுவதும் அங்கேதான். திருப்புளி முனையால் குத்தினால் உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை மாற்ற வேண்டியதுதான்.

காயலான் கடையில் விலை பேசும்போது இரும்பு எடையையும் மோட்டாரையும் மட்டும் பேசுங்கள். ஆனால் வீடுகளில் கல்லைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது சரியல்ல. வீட்டுக்காரப் பெரியம்மாவிடம் வாங்கும்போது "இதை உடைக்க மாட்டோம், ஓட வைப்போம்" என்று சொன்னால், எங்கோ பரணில் கிடக்கும் மூடியையும் மாவு வழிக்கும் கரண்டியையும் அவரே தேடித் தருவார். அந்தத் துணைச் சாமான்கள் இருந்தால்தான் கிரைண்டர் முழுமை.

ஏற்றி வரும்போது

கருங்கல் ஒரு லிட்டர் கனஅளவுக்கு சுமார் 2.7 கிலோ. 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் உள்ள கல் என்றால் 28 கிலோவைத் தாண்டும். எனவே குழவியைக் கட்டாயம் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றி வையுங்கள். கிரைண்டரைக் குட்டியானையில் நிற்க வைத்து ஏற்றி, அடியில் பழைய டயர் போட்டு, டிரம்மில் கயிறு போடாமல் பெட்டியின் சட்டத்தில் கட்டுங்கள். படுக்க வைத்து ஏற்றினால் அடிக்கல்லின் முழு எடையும் ஷாஃப்ட்டின் ஒரு பக்கத்தில் தொங்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி குலுங்கும் குலுங்கலுக்கு நல்ல ஷாஃப்ட்டும் வளைந்துவிடும்.

பிரிப்பது

ஒவ்வொரு படிக்கும் செல்போனில் போட்டோ எடுங்கள், முக்கியமாக மோட்டார் ஒயர் இணைப்பை. போல்ட், வாஷர்களைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். வரிசை இப்படி: குழவி, கை, பெல்ட், மோட்டார், பெரிய புல்லி, பிறகு டிரம்.

பெரிய புல்லியைப் பிடித்திருக்கும் திருகு துரு ஏறி அசையாது. மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் சம அளவு கலந்து சொட்டு சொட்டாக விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் திருப்புளியை வைத்து அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். அவசரப்பட்டால் திருகின் தலை உடைந்து, துளைபோட்டு எடுக்க வேண்டிவரும். புல்லியைப் பின்னாலிருந்து சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டாம். வார்ப்பிரும்பு ஓரம் பிளந்துவிடும். மெக்கானிக் கடையில் மூன்று கால் புல்லர் கிடைக்கும், அதில்தான் இழுக்க வேண்டும்.

பேரிங் ஏன் போகிறது

பழைய கிரைண்டரில் "கரகர" சத்தம் வந்தால் பலரும் பேரிங்கை மட்டும் மாற்றுகிறார்கள். ஆறு மாதத்தில் அதே சத்தம் திரும்பி வருகிறது. பேரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் எடை அல்ல, மாவுத் தண்ணீர். டிரம்மின் நடுவில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் ஆயில் சீல் காய்ந்து விறைத்துப் போகும். அந்த இடுக்கு வழியே புளித்த மாவுத் தண்ணீர் இறங்கி, கிரீஸைக் கரைத்து, குண்டுகளில் துரு ஏற்றும். பேரிங்கை மாற்றும்போது ஆயில் சீலையும் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் அந்த வேலையே வீண்.

பேரிங் எண் அதன் ஓரத்தில் பொறித்திருக்கும். 6204 என்றால் உள்துளை 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14. 6205 என்றால் 25, 52, 15. மோட்டாருக்குள் 6202 அல்லது 6203 போன்ற சிறியவை இருக்கும். எண் அழிந்திருந்தால் வெர்னியர் காலிபரால் இந்த மூன்று அளவையும் எடுத்துப் போனால் கடைக்காரர் கண்டுபிடித்துத் தருவார். கல்லுக்கு அடியில் போடுவதற்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தகர மூடி உள்ளது மோட்டாருக்குப் போதும். ஆயில் சீலுக்கும் மூன்று அளவு: ஷாஃப்ட், வீடு, தடிமன். ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். லேத் பட்டறையில் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம், அல்லது சீலை இரண்டு மி.மீ. தள்ளிப் பொருத்தலாம்.

ஷாஃப்ட்டில் பேரிங் மாட்டும்போது அதன் உள்வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தைத் தட்டினால் அந்த அடி குண்டுகளில் இறங்கி நுண்ணிய பள்ளம் போடும், புது பேரிங்கே முதல் நாளில் கத்தும். ஷாஃப்ட்டை விடச் சற்று பெரிய இரும்புக் குழாய்த் துண்டை உள்வளையத்தில் வைத்து மெதுவாகத் தட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் திறந்த பேரிங்கைச் சூடான எண்ணெயில் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்கிப் போடலாம். ரப்பர் மூடியுள்ளதை எண்ணெயில் போடாதீர்கள்.

மோட்டார்

இந்த மாடல்களில் சிங்கிள் ஃபேஸ் மோட்டார், பெரும்பாலும் நிமிடத்துக்கு 1440 சுற்று. முதல் வேலை காய வைப்பது. மூடியைக் கழற்றி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். பிறகு எலக்ட்ரீசியனிடம் 500 வோல்ட் மெக்கரில் (காப்புத் தடையை அளக்கும் கருவி) காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். 2 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 1-க்குக் கீழே இருந்தால் மின்சாரம் கொடுக்கவே கூடாது. மறுபடி காய வையுங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் காயில் கட்ட வேண்டும்.

மெக்கரில் தேறிய மோட்டாரையும் முதல் முறை நேராகச் சொருக வேண்டாம். 100 வாட் குண்டு பல்பை லைனில் சீரிஸாக, அதாவது தொடராகப் போட்டு ஓட்டுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மோட்டாருக்கு ஆபத்து இல்லை.

பிறகு நேராகக் கொடுத்து, மோட்டார் "ம்ம்ம்" என்று முனகி நின்றால் உடனே நிறுத்துங்கள். பெல்ட்டைக் கழற்றிய நிலையில், சுவிட்ச் போட்டதும் ஷாஃப்ட்டை ஒரு கட்டையால் சுண்டிவிட்டுப் பாருங்கள். சுண்டிய பக்கமே ஓடத் தொடங்கினால் முதன்மைக் காயில் நன்றாக இருக்கிறது. கோளாறு கெப்பாசிட்டரிலோ, வேகம் ஏறியதும் தானே விலகும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சிலோ, தொடக்கக் காயிலின் இணைப்பிலோ இருக்கும். கெப்பாசிட்டரைத் தொடும் முன் பிளக்கைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் காப்புள்ள திருப்புளியாலோ ஒரு பல்பு வழியாகவோ இணைத்துச் சார்ஜை இறக்க வேண்டும். புதியது வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள மைக்ரோஃபாரட் அளவே வேண்டும், வோல்ட் அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம். ஸ்டார்ட் கெப்பாசிட்டருக்கும் ரன் கெப்பாசிட்டருக்கும் வித்தியாசம் உண்டு: முன்னது மோட்டார் தொடங்கும் நேரத்துக்கு மட்டும், பின்னது ஓடும் நேரம் முழுக்க. ஸ்டார்ட் கெப்பாசிட்டரை ரன் இடத்தில் போட்டால் சிறிது நேரத்தில் வெடிக்கும்.

சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் முனைகளில் கரி படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் போதும். வேகம் எடுத்ததும் அது "டக்" என்று விலக வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் மோட்டார் சூடேறினால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டார் தொடங்க மட்டும் வேண்டிய காயில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், சில நிமிடங்களில் எரிந்துவிடும். கிராமங்களில் சாயங்கால நேரத்தில் வோல்டேஜ் இறங்கும்போதும் இதே விளைவுதான். வேகம் முழுதாக ஏறாததால் சுவிட்ச் விலகுவதில்லை. 200 வோல்ட்டுக்குக் கீழே மீட்டர் காட்டும் நேரத்தில் இதை ஓட்டாதீர்கள்.

காயில் கட்டக் கொடுத்தால், பழைய காயிலின் சுற்று எண்ணிக்கையையும் கம்பி கேஜையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், செம்புக் கம்பிதான் போட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வார்னிஷ் போட்டு நன்றாகச் சூட்டில் காய்ந்த பிறகே வாங்க வேண்டும். ஈர வார்னிஷ் வாசம் அடிக்கிற மோட்டாரை எடுத்து வராதீர்கள்.

பெல்ட்டும் புல்லியும்

வீட்டு கிரைண்டரில் பெரும்பாலும் "ஏ" பிரிவு வி பெல்ட். மேல் அகலம் 13 மி.மீ., உயரம் 8 மி.மீ. ஏ-36 என்றால் உள்சுற்றளவு 36 அங்குலம். எண் அழிந்திருந்தால் இரண்டு புல்லியையும் சுற்றிச் சணல் கயிறு போட்டு அளந்து போங்கள். பெல்ட் பள்ளத்தில் பொருந்தி, மேல்முகம் புல்லி விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும். பள்ளத்தின் அடியைத் தொட்டால் பிடிப்பு இருக்காது, உளுந்து கெட்டியாகும்போது வழுக்கும்.

இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 10 முதல் 12 மி.மீ. வரை உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டார் பேரிங் போகும்.

வேகமாக ஆட்ட வேண்டும் என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக மாற்றியிருக்கும் கிரைண்டர்கள் உண்டு. டிரம்மின் வேகம் கண்டுபிடிக்க 1440-ஐச் சின்னப் புல்லியின் விட்டத்தால் பெருக்கிப் பெரிய புல்லியின் விட்டத்தால் வகுங்கள். 2 அங்குலமும் 16 அங்குலமும் என்றால் 180 சுற்று. புல்லியை மாற்றினால் இந்தக் கணக்கு மாறும். வேகம் கூடினால் மாவு சூடேறும். கிரைண்டரின் பெருமையே மாவு சூடாகாமல் உளுந்து பொங்குவதுதான். மோட்டார் ஷாஃப்ட்டில் பழைய புல்லி இருந்த இடத்துத் தடம் தெரிந்தால் பழைய அளவையே தேடிப் போடுங்கள்.

கல் கொத்துவது

இதை ஊர்ஊராக அம்மி கொத்த வருபவரிடம் கொடுக்கலாம், நீங்களே செய்யவும் செய்யலாம். ஆனால் நிதானம் வேண்டும்.

முதலில் பொருத்தம் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் குழவியின் அடியில் மெல்லியதாகப் பூசுங்கள். குழவியை அதன் இடத்தில் வைத்துக் கையாலேயே டிரம்மை இரண்டு சுற்றுச் சுற்றி, குழவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அடிக்கல்லில் மஞ்சள் ஒட்டிய இடம்தான் அரைபடும் இடம். வட்டமாக, தொடர்ச்சியான பட்டையாக ஒட்டியிருந்தால் பொருத்தம் நன்று. திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் அந்த மேடுகளைத்தான் முதலில் கொத்த வேண்டும். மேடு குறைந்தபின் மறுபடி மஞ்சள், மறுபடி கொத்து. மூன்று நான்கு தடவை செய்தால் பட்டை முழுசாகும். குழவிப் பரப்பு முழுவதையும் ஒரே மூச்சில் கொத்திவிட்டுப் பிறகு பொருத்தம் பார்ப்பது தலைகீழ் வேலை.

கொத்தும்போது கல்லை நனைத்தே வைத்திருங்கள். கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் போய் ஒட்டினால் திரும்ப வராது. என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம். ஆங்கிள் கிரைண்டர் வைத்துக் காய்ந்த கல்லைத் தேய்க்கவே வேண்டாம். தூசிக்கு மட்டுமல்ல, பளபளப்பாகத் தேய்த்த கல் அரைக்காது, உளுந்து வழுக்கிக்கொண்டே சுற்றும்.

உளி கூர்முனையாக இருக்க வேண்டும், பட்டறையில் கொடுத்துத் துவைச்சல் போட்டு (சூடாக்கி நீரில் தோய்த்து முனையை இறுகச் செய்து) வாங்குங்கள். புள்ளிக்குப் புள்ளி 4, 5 மி.மீ. இடைவெளி, ஆழம் ஒரு மி.மீ.க்குள். உளியைச் சற்று சாய்த்து, சுத்தியல் தலையின் எடையாலேயே அடி விழ விடுங்கள். கை பலத்தால் ஓங்கி அடித்தால் புள்ளிக்குப் பதில் சில்லு பெயரும். நடுத்துளை ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கொத்தாமல் விடுங்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

கல்லும் டிரம்மும் சேரும் ஓரத்தில் பழைய சிமென்ட்டோ எம்-சீல் வகைக் கலவையோ பூசியிருப்பார்கள். பெயர்ந்ததைச் சுரண்டி எடுத்து, காய வைத்து, உணவுப் பொருள் படும் இடத்துக்கென்றே விற்கும் சிலிக்கானை மெல்லிய கோடாக இழுங்கள். 24 மணி நேரம் தொடக் கூடாது.

போர் தண்ணீரில் பல வருடம் கழுவிய கல்லிலும் டிரம்மிலும் வெள்ளைப் படிவு பாறைபோல் ஒட்டியிருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கரைத்து, துணியை நனைத்துப் படிவின்மேல் பத்து நிமிடம் போட்டு, நாரால் தேய்த்தால் விடும். சிமென்ட் ஓரத்தில் தேங்க விடாதீர்கள், கரைந்துவிடும். ஆசிட் பாட்டிலை எடுக்கவே வேண்டாம். எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும்.

சட்டமும் பெட்டியும்

இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கிரைண்டரின் பெயிண்ட்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள், காய்ந்த தூள் பறக்க விடாதீர்கள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் செய்யாதீர்கள். துரு நீங்கிய அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர், மறுநாள் எனாமல் இரண்டு கோட். பழைய நிறத்தின் மிச்சம் போல்ட் தலைக்கு அடியில் மங்காமல் இருக்கும். கடையில் அதைக் காட்டி அதே நிறம் கலக்கச் சொல்லுங்கள்.

சன்மைக்காவைக் கூடியவரை மாற்றாதீர்கள். அந்தக் காலத்துப் பூ டிசைனும் கோடு டிசைனும் இன்று கிடைப்பதில்லை. பெயர்ந்த ஓரத்தை ஹேர் டிரையர் சூட்டில் இளக்கி, உள்ளே பசை தடவி, மேலே பலகை வைத்து எடை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். செல் தின்ற கால் கட்டையை மட்டும் அதே மரத்தில் மாற்றி, அடியில் ரப்பர் குமிழ் வையுங்கள்.

மின்சார இணைப்பு

பழைய கிரைண்டர்கள் பலவற்றில் இரண்டே கம்பி வரும், எர்த் இருக்காது. ஈரக் கையோடு தொடும் இயந்திரத்துக்கு இது ஆபத்து. மற்ற எல்லாவற்றையும் பழையபடியே வைத்திருக்க ஆசைப்படலாம், இந்த ஒன்றில் மட்டும் வேண்டாம். 1 சதுர மி.மீ. மூன்று கம்பி ஒயர், 6 ஆம்பியர் மூன்று முள் பிளக். எர்த் கம்பியை மோட்டார் உடம்பிலும் இரும்புச் சட்டத்திலும் பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில் திருக வேண்டும். பெயிண்ட்டின் மேலே திருகிய எர்த், எர்த்தே அல்ல. மீட்டரில் பிளக்கின் பெரிய முள்ளுக்கும் சட்டத்துக்கும் இடையே 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் அதைப் பொருத்திய பிறகு ஓட்டுங்கள். பழைய பேக்லைட் சுவிட்சைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், முனைகள் கருகியிருந்தால் அதன் உள்ளே புதிய சுவிட்சைப் பொருத்துங்கள்.

முதல் ஓட்டம்

கொத்திய கல்லில் நேராக இட்லி மாவு ஆட்டக் கூடாது. அரைக் கிலோ ரேஷன் பச்சரிசியை ஊற வைத்து, தண்ணீர் தாராளமாக விட்டு இருபது நிமிடம் ஆட்டிக் கொட்டிவிடுங்கள். மாவு சாம்பல் நிறத்தில் வரும். மூன்றாவது நான்காவது தடவையில் வெள்ளையாகும். கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் வைத்து, மேலே உள்ளதை மெதுவாக ஊற்றி, அடியில் தங்கியதை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் இன்னொரு தடவை. இந்த மாவை மாட்டுக்கும் வைக்க வேண்டாம், கல் தூள் அதில் இருக்கிறது.

பிறகு உளுந்து. 250 கிராம் முழு உளுந்தை மூன்று மணி நேரம் ஊற வைத்து, குளிர்ந்த குடிநீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். ஆட்டும் தண்ணீர் அப்படியே வயிற்றுக்குள் போவது, எனவே ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைத் தவிர்த்து, குழாயில் குடிக்க வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே விடுங்கள். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் கல் இன்னும் வழுக்குகிறது அல்லது குழவிக் கையின் பிடி தளர்ந்திருக்கிறது. மோட்டார் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பத்து விநாடி கை வைக்க முடியாத சூடு என்றால் பெல்ட் இறுக்கத்தையும் வோல்டேஜையும் மறுபடி பாருங்கள்.

உளுந்து தேறிய பிறகு கேழ்வரகை ஊற வைத்து ஆட்டிப் பாருங்கள். கல்லில் கொத்து குறைவாக இருந்தால் கேழ்வரகின் தோல் அரைபடாமல் செம்புள்ளியாக மாவில் நிற்கும். அப்படி நின்றால் குழவியின் பக்கவாட்டில் மட்டும் இன்னொரு வரிசை கொத்துங்கள்.

ஓடாமல் நிறுத்தி வைப்பதாக இருந்தால் குழவியை டிரம்முக்குள் விடாதீர்கள், ஒரே இடத்தில் எடை விழுந்து பேரிங்கில் தழும்பு விழும். மாதம் ஒரு முறை பத்து நிமிடம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுங்கள். பெட்டியின் உள்கதவில் பென்சிலால் பெல்ட் எண், பேரிங் எண்கள், ஆயில் சீலின் மூன்று அளவு, கெப்பாசிட்டர் அளவு, கல் கொத்திய தேதி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அடுத்து இதைத் திறப்பவர் மறுபடி அளவெடுக்கத் தேவையில்லை.